மயிலாடும்பாறைக்கு ஓ.டி. கிடையாது: வரலாறு நடத்துபவர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறையிலும் தொல்லியல் துறையிலும் முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் உயர் அலுவலர்களுக்கு,

மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. அந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய பாரமகால் பகுதியின் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் நாங்கள் சிலர், அந்த இடத்தையும் தருமபுரி அகழ்வைப்பகத்தையும் (தொல்லியல் அருங்காட்சியகம்) ஒரே நாளில் பார்த்துவர அனுமதி கேட்டோம். செலவுக்குப் பணம் கேட்கவில்லை, வண்டியும் கேட்கவில்லை. அந்த ஒரு வேலைநாளை ஓ.டி.யாக, அதாவது விடுப்பாக இல்லாமல் பணி நாளாகவே, எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பயிற்சித் திட்டத்தில் அப்படி ஒன்று இல்லை, பார்த்தே ஆகவேண்டும் என்றால் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டுப் போகலாம் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது.

எந்த அலுவலகம், எந்த அலுவலர் என்று சொல்லப்போவதில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். வரலாற்று ஆசிரியர் வரலாற்று இடத்தைப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலையில் சேர்த்தி என்று விதிமுறையில் எங்கும் இல்லை. அதனால்தான் ஓர் அலுவலகத்துக்கு மேல்முறையீடாக எழுதாமல் உங்கள் இரு துறைகளுக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

கடந்த பத்தாண்டில் இந்த மாநிலம் தன் வரலாற்றைத் தேடுவதில் காட்டிய அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை ஆரம்பித்த வேலையை 2018இல் மாநிலத் தொல்லியல் துறை நான்காம் கட்டத்திலிருந்து எடுத்து நடத்தியது. 2019இல் வந்த அறிக்கை வைகைக் கரை வாழ்விடத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் உமி கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தீர்கள். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று, தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. எல்லாம் சரி. மறுநாள் காலையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று, "சார், அதை எப்படி கரெக்டா 3345னு சொல்றாங்க?" என்று கேட்கிறானே, அவனுக்கு யார் பதில் சொல்வது?

நான்தான் சொல்ல வேண்டும். கரிமக் காலக்கணிப்பில் எதை அளக்கிறார்கள், கரித்துண்டின் காலத்தை எப்போது இரும்பின் காலமாக எடுத்துக்கொள்ளலாம், பானை ஓட்டுக்கு ஏன் வேறு முறை, மாதிரிகளை ஏன் அமெரிக்காவுக்கும் அகமதாபாத்துக்கும் லக்னோவுக்கும் தனித்தனியாக அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தப் பையனோடு பேச முடியும். நான் படித்த பி.ஏ.விலும் பி.எட்.டிலும் இது இல்லை. இப்போது நடத்தும் பாடநூல்கள் 2018 முதல் 2020க்குள் எழுதப்பட்டவை. சிவகளை நெல்லும் மயிலாடும்பாறை இரும்பும் அறிவிக்கப்படுவதற்கு முந்தையவை. தொல்லியல் துறையின் அறிக்கைகளைத் தேடி எடுத்துப் படித்தேன். நல்ல அறிக்கைகள்தான், ஆனால் ஆய்வாளருக்காக எழுதப்பட்டவை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி அதைச் சொல்ல, இடையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை யாரும் செய்யவில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் யூடியூபில் பார்த்ததையும் வாட்சப்பில் வந்ததையும் வைத்து ஒப்பேற்றுகிறார். வாட்சப்பில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். இரும்பே ஐயாயிரம் வருஷம் என்றால் தமிழனுக்கு ஐம்பதாயிரம் வருஷம் என்று ஒரு பதிவு வரும், அதற்கு அடியில் 'பெருமையுடன் பகிருங்கள்' என்று இருக்கும்.

இதற்கான இடம் பணியிடைப் பயிற்சி என்று நீங்கள் சொல்லலாம். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அண்மையில் நடந்த சமூக அறிவியல் பயிற்சியில் காலை முழுவதும் கற்றல் விளைவுகள், மதிப்பீட்டு வினாக்கள், செயலியில் பதிவேற்றும் முறை. மதியம் தொகுத்துக் கூறல், கருத்துப் படிவம், குழுப் படம். வரலாற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. புதிய அகழாய்வுகளைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, "புத்தகத்துல இருக்கறத முடிங்க சார், அதுக்கே நேரமில்ல" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவரும் ஆசிரியர் பயிற்றுநர்தான். அவருக்கு மேலே இருந்து வந்த பிபிடியில் அது இல்லை.

வேறு பாடங்களோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கியது. கருவிகளோடு கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டுகிறார்கள். இன்ஸ்பையர் விருது இருக்கிறது, குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது, கண்காட்சி இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு என் சக அறிவியல் ஆசிரியை எவ்வளவோ செய்கிறார், பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. வரலாற்றுக்கு என்று கேட்டால் சுவரில் மாட்டிய வரைபடம் ஒன்றும், பொதுத்தேர்வுக்குக் காலக்கோடு போடும் பயிற்சியும்தான். அரையாண்டுக்குப் பிறகு எங்கள் பாடவேளைகள் கணக்குக்குப் போய்விடும், அது தனிக்கதை.

கனவு ஆசிரியர் திட்டத்தில் தேர்வான ஆசிரியர்கள் 2024 அக்டோபரில் பிரான்சுக்குப் போய்வந்தார்கள். நல்ல விஷயம், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். எங்களுக்கு பாரிஸ் வேண்டாம். மயிலாடும்பாறை இருக்கும் பர்கூர் பக்கம் போய்வரவே அனுமதி இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

நாங்கள் இருக்கும் இந்த நிலத்தைக் கொஞ்சம் பாருங்கள். இங்கே ஊருக்கு ஊர் வேடியப்பன் கோயில் இருக்கும். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. மரத்தடியில் ஒரு கல், அதில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பொங்கல் வைப்பார்கள். அவற்றில் பல நடுகற்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவனுக்கு ஊர் நட்ட கல். சிலவற்றில் வட்டெழுத்து இருக்கிறது. என் வகுப்பில் நடுகல் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி, "சார், எங்க குலசாமி கல்லுல கூட எழுதியிருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன், எழுதியிருந்தது. என்னால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. 'கல்வெட்டுகள் வரலாற்றின் முதன்மைச் சான்றுகள்' என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆள் நான். வட்டெழுத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரக்கூடியவர்கள் தொல்லியல் துறையில் இருக்கிறார்கள்.

அதியமான் கதையும் அப்படித்தான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மன்னன் என்று ஆரம்பப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும். அதே அதியமானின் பெயர் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் இருக்கிறது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' 1981இல் கண்டுபிடித்தார்கள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்ந்து வரும் சத்தியபுத்திரர் யார் என்று ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்துக்கொண்டிருந்த கேள்விக்கு இந்த ஒற்றை வரி விடையானது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி; தகடூர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடையாது. இலக்கியம், கல்வெட்டு, மௌரியப் பேரரசு மூன்றும் ஒரே வரியில் சந்திக்கின்றன. அந்தக் கல்வெட்டின் மைப்படி (கல்லில் மை ஒற்றித் தாளில் எடுக்கும் படி) நகல் ஒன்று எங்கள் மாவட்டப் பள்ளிகளில் எதிலாவது தொங்குகிறதா என்று விசாரித்துப் பார்த்தேன். நான் கேட்ட இடத்தில் எல்லாம் இல்லை என்றார்கள்.

எட்டாம் வகுப்பில், உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் இரயத்துவாரி முறை வரும். 1820, தாமஸ் மன்றோ என்று பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் கம்பெனிக்குக் கைமாறியதும், கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ் மன்றோ இங்கேதான் நிலவரி வேலை பழகினார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அந்த முறைக்கு ஒத்திகை நடந்தது அவர்கள் தாத்தாவின் தாத்தா உழுத காட்டில். அந்தக் காலத்து வருவாய் ஆவணங்களைப் பாரமகால் ஆவணங்கள் என்ற பெயரில் அன்றைய சென்னை அரசே பல பகுதிகளாக அச்சிட்டது. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் பழைய எழுத்துநடையில். அதிலிருந்து இரண்டு பக்கத்தைத் தமிழில் எளிமையாக்கி, உரிய குறிப்போடு பள்ளிகளுக்குத் தந்தால் ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம்.

அந்த வேலையை நானே செய்யலாம் என்றுதான் ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். எந்தப் பல்கலைக்கழகம், ஆய்வு நெறியாளர் யார், அவருடைய கடிதம் எங்கே என்று கேட்டார்கள். பள்ளி ஆசிரியர் என்றேன். ஆய்வாளர், பொதுமக்கள் என்று இரண்டு வகை மட்டும்தான் படிவத்தில் இருந்தது. நான் இரண்டிலும் சேரவில்லை. பண்பாகத்தான் பேசினார்கள். கோப்பு மட்டும் கிடைக்கவில்லை.

மேலே படிக்கலாமே என்பீர்கள். தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு அருமையானது, கல்வெட்டும் அகழாய்வும் களத்திலேயே கற்றுத்தருகிறார்கள். ஆனால் சென்னையில், முழுநேரமாக. பணியில் இருப்பவர் அதில் எப்படிச் சேருவது? சொந்தக் காசில், சொந்த நேரத்தில் தொலைநிலையில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு முன்பு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. 2020 மார்ச்சில் அதையும் நிறுத்தினார்கள், பிறகு ஒருமுறை மட்டும் தரும் தொகையாக மாறியது. இது எல்லா அரசு ஊழியருக்கும் பொதுவான முடிவு, வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏற்கெனவே எந்த வாசலும் இல்லாத பாடத்தில் இருந்த ஒரு சின்ன ஜன்னலும் இப்படி மூடியது.

தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையும் தென்னிந்திய வரலாற்றுப் பேரவையும் மாநாடுகள் நடத்துகின்றன. கட்டுரை படிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை தன் ஊர் ஏரியின் மதகுக் கல்வெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதைப் படிக்கத் தற்செயல் விடுப்பில்தான் போனார். திரும்பி வந்ததும் "எங்கே டூர் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்களாம்.

இவ்வளவு தடைக்கு நடுவிலும் சில ஆசிரியர்கள் சாதித்துத்தான் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கிறார்கள், பழைய காசுகளையும் பானை ஓடுகளையும் இனம் காண்கிறார்கள். பத்திரிகைகள் அதைப் பாராட்டி எழுதுகின்றன. நாமும் பகிர்கிறோம். ஒரு பள்ளியில் நடந்தது ஏன் மற்ற பள்ளிகளில் நடக்கவில்லை என்று துறை யோசித்திருக்க வேண்டும். தனிமனித ஆர்வத்தால் நடப்பதைத் திட்டமாக மாற்றுவதற்குத்தானே துறை என்று ஒன்று இருக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வரலாற்று ஆசிரியருக்குப் பயிற்சி என்று சொன்னதும் அதைப் பெருமை பேசும் விழாவாக ஆக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பேச்சாளர் வருவார், 'கல் தோன்றி மண் தோன்றா' என்று ஆரம்பிப்பார், மூன்று மணிக்குத் தேநீர். அது எங்களுக்கு வேண்டாம். கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வு அறிக்கை 2023 ஜனவரியில் மத்தியத் தொல்லியல் துறையிடம் கொடுக்கப்பட்டது, 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. இது செய்தித்தாளில் வந்தபோது என் மாணவர்கள் கோபப்பட்டார்கள். கோபம் இருக்கட்டும், மண்ணடுக்குகளை வைத்துக் காலவரிசை அறியும் அடுக்காய்வு என்றால் என்ன, காலக்கணிப்பை ஆய்வாளர்கள் எதை வைத்து ஏற்கிறார்கள், எதை வைத்து மறுக்கிறார்கள், இதில் அறிவியல் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று அவர்களே எடைபோடும்படி நடத்த எனக்குப் பயிற்சி வேண்டும். இரும்பின் காலம் பற்றியும் இன்னும் கூடுதல் சான்று வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டுப் பாடம் நடத்தினால், நாளைக்கு வேறொருவர் வேறொரு ஆண்டைச் சொல்லும்போது பிள்ளைகள் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதையொட்டிப் பாடநூல்கள் மாறத்தான் போகின்றன. புத்தகம் அச்சாகி வந்தபின் எங்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து அறிமுகக் கூட்டம் நடத்துவதற்கு முன்பாகவே சிலவற்றை உங்களிடம் கேட்டுவிடுகிறேன்.

முதலில் செலவே இல்லாத கோரிக்கை. அகழாய்வு இடம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், வரலாற்று மாநாடு ஆகியவற்றுக்குப் போவதற்கு வரலாறு நடத்தும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆண்டுக்கு ஐந்து நாள் ஓ.டி. தருவதாக ஓர் அரசாணை போடுங்கள். போய்வந்ததும் ஒரு பாடத்திட்டமோ குறிப்போ எழுதித் தரவேண்டும் என்று நிபந்தனை வையுங்கள், மகிழ்ச்சியாக எழுதித் தருகிறோம். தலைமை ஆசிரியர் மட்டத்திலேயே அனுமதி முடிந்துவிட வேண்டும்.

இரு துறைகளும் சேர்ந்து, மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் உறைவிடப் பயிற்சி நடத்துங்கள். மண்டபத்தில் வேண்டாம், அகழாய்வுக் குழிக்குப் பக்கத்தில் நடத்துங்கள். ஒரு நாள் மண்ணடுக்குப் பார்க்க, இரண்டு நாள் தமிழியும் வட்டெழுத்தும், ஒரு நாள் மைப்படி எடுக்க, கடைசி நாள் இதை வகுப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்று நாங்களே உட்கார்ந்து பேச. ஒரே ஆண்டில் எல்லோரையும் அழைக்க முடியாது என்று தெரியும். மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது எல்லோருக்கும் வாய்ப்பு வரும்படி பட்டியல் போடுங்கள். எப்போதாவது, எங்கேயாவது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தகவல் வரும் முகாமாக அது ஆகிவிடக் கூடாது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு துணையேடு வெளியிடுங்கள், ஐம்பது பக்கம் போதும். சென்ற ஆண்டு எங்கே தோண்டினார்கள், என்ன கிடைத்தது, காலத்தை எப்படிக் கணித்தார்கள், அதில் யாருக்கு என்ன மாற்றுக் கருத்து, எந்த வகுப்பின் எந்தப் பாடத்தோடு சேர்த்து நடத்தலாம் என்று இருந்தால் சரி. பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கொட்டிக் கிடக்கின்றன. பத்தாம் வகுப்பின் சமூக மாற்றங்கள் பாடத்துக்கு எந்த இதழின் எந்தப் பக்கம் உதவும் என்று சுட்டிக்காட்டும் பட்டியலையும் அதில் சேருங்கள்.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் ஓர் அறையை வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். அந்தந்த மாவட்டக் கல்வெட்டுகளின் மைப்படி நகல்கள், பானை ஓடுகளின் மாதிரிகள், பழைய நில அளவை வரைபடங்கள், பள்ளிகளுக்கு இரவல் தரக்கூடிய பெட்டிகள் அங்கே இருக்கட்டும். ஆவணக் காப்பகங்களிலும் நூலகங்களிலும் படிவத்தில் 'பள்ளி ஆசிரியர்' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரின் கடிதமே போதும் என்று ஆகட்டும்.

கல்வெட்டியல் பட்டயப் படிப்பை வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் படிக்கும்படி, மதுரையிலும் கோவையிலும் சேலத்திலும் நடத்துங்கள். முடித்தவர்களை மாவட்டக் கருத்தாளர்களாக்குங்கள். புதிய பாடநூல் குழுவில் வகுப்பறையில் இருக்கும் வரலாற்று ஆசிரியர்களுக்கு இடம் கொடுங்கள், பிழை திருத்துவதற்காக இல்லாமல் பாடம் எழுதுவதற்காக.

கடைசியாக, மயிலாடும்பாறைக்கும் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் ஒரு நாள் போய்வர நாங்கள் கேட்ட அனுமதி இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. வாய்மொழியாக மறுத்ததைக் கணக்கில் எடுக்காமல், இந்தப் பருவம் முடிவதற்குள் எழுத்து மூலம் ஒரு பதில் தர ஏற்பாடு செய்யுங்கள். முடியாது என்றால், எந்த விதியின்படி முடியாது என்பதையும் அந்தப் பதிலிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்,
பாரமகால் பகுதி அரசுப் பள்ளி